சொட்டும் குழாய்: ரிப்பேர் செய்தால் போதுமா, மொத்தமாக மாற்றவா?

மேடவாக்கம்வாசி:

வணக்கம். எங்கள் ஃபிளாட்டுக்கு 12 வயது. போர் தண்ணீர்தான், மொட்டைமாடித் தொட்டியில் ஏற்றி வருகிறது. இப்போது மூன்று இடத்தில் தொல்லை. பாத்ரூமில் சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் கலந்து வரும் வால் மிக்ஸர், மூடிய பிறகும் சொட்டிக்கொண்டே இருக்கிறது. சமையலறை சிங்க் குழாயில், கழுத்து திரும்பும் இடத்தில் தண்ணீர் கசிந்து வழிகிறது, அதுவும் திறக்கும்போது மட்டும். வாஷிங் மெஷின் பக்கம் இருக்கும் குழாயின் உடம்பிலேயே பச்சை பூத்திருக்கிறது, எவ்வளவு துடைத்தாலும் ஈரம் காய்வதில்லை.

பிளம்பர் வந்தார், பார்த்தார். "எல்லாம் பழசு சார், மொத்தமா மாத்திடுங்க, இல்லேன்னா மாசாமாசம் என்னைக் கூப்பிடுவீங்க" என்றார். பொருள், கூலி எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய் என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை, அதுதான் இடிக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சோழிங்கநல்லூர்_பிரியா:

மாற்றிவிடுங்கள் சார். ஒவ்வொன்றாகச் சரிசெய்து கொண்டிருந்தால் ஒவ்வொரு தடவையும் பிளம்பருக்குக் காத்திருந்து லீவு போட வேண்டும். அந்த எரிச்சலுக்கு விலை போட்டால் 14,000 பெரிதில்லை.

ஸ்பானர்:

பிரியா மேடம், கொஞ்சம் பொறுங்கள். மூன்றும் மூன்று வேறு நோய். ஒரே மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நான் இருபது வருடத்துக்கு மேல் அபார்ட்மெண்ட் பராமரிப்பில் இருந்தவன். குழாய் ஒழுகுகிறது என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எங்கிருந்து ஒழுகுகிறது? மூடிய பிறகு வாய் வழியாகச் சொட்டினால் கோளாறு உள்ளே தண்ணீரை அடைக்கும் பகுதியில். பழைய மாடலில் அது ரப்பர் வாஷர், கால் சுற்றிலோ அரைச் சுற்றிலோ திறக்கிற மாடலில் செராமிக் டிஸ்க் உள்ள ஸ்பிண்டில், ஒரே கைப்பிடி மிக்ஸரில் கார்ட்ரிட்ஜ். இவை மூன்றும் மாற்றுவதற்கென்றே தனியாகச் செய்த பொருள்கள். திறந்திருக்கும்போது கைப்பிடிக்கு அடியில் கசிந்தால் பழைய குழாயில் கைப்பிடித் தண்டைச் சுற்றி இறுக்கும் கிளாண்ட் நட் தளர்ந்திருக்கும். கால் சுற்று முறுக்கினாலே பல நேரம் நின்றுவிடும். கழுத்து திரும்பும் இடத்தில் கசிந்தால் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இருபது ரூபாய்ச் சமாச்சாரம்.

குழாயின் உடம்பே ஈரமாக இருந்தால் கதை வேறு. வார்ப்பில் விரிசல் விட்டிருக்கும், அல்லது பித்தளையில் உள்ள துத்தநாகம் கரைந்துபோய் உலோகம் பஞ்சு மாதிரி ஆகியிருக்கும். அதற்கு எம்-சீல் பசை பூசுவது ஒரு வாரத்துக்கு ஆகும், அவ்வளவுதான்.

ஆக உங்கள் வாஷிங் மெஷின் குழாயை மாற்றுங்கள். சிங்க் குழாய்க்கு ஓ-ரிங். மிக்ஸரைக் கழற்றிப் பார்க்காமல் யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது, நான் உட்பட.

மேடவாக்கம்வாசி:

நன்றி சார். மிக்ஸரில் சுடுதண்ணீர்ப் பக்கம் ஒரு கைப்பிடி, பச்சைத்தண்ணீர்ப் பக்கம் ஒன்று, நடுவில் ஷவருக்கு மாற்றும் டைவர்ட்டர். எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டையும் இறுக்கித்தான் மூடுகிறோம்.

ஸ்பானர்:

முதலில் அந்த இறுக்குவதை நிறுத்துங்கள். பழைய வாஷர் மாடலாக இருந்தால் இறுக்க இறுக்க ரப்பர் நசுங்கும். பிறகு உள்ளே அது உட்காரும் பித்தளை சீட் அரிக்கும். சீட்டில் பள்ளம் விழுந்துவிட்டால் புது வாஷர் போட்டாலும் சில வாரத்தில் மறுபடி சொட்டும். "ரிப்பேர் செய்தேன், நிற்கவில்லை" என்று சொல்பவர்களில் பாதிப் பேர் கதை இதுதான். விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், வழவழப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பாக இருந்தால் சீட்டைத் தேய்த்துச் சமன் செய்யும் கருவி வைத்திருக்கிற பிளம்பர் வேண்டும். இப்போது அப்படிப்பட்டவர் அபூர்வம்.

எந்தப் பக்கம் என்று பார்க்க: கீசர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். கீசருக்குத் தண்ணீர் போகிற ஆங்கிள் காக்கை, அதாவது சுவரில் இருக்கிற சின்ன அடைப்புக் குழாயை, மூடுங்கள். கொஞ்ச நேரத்தில் சொட்டு நின்றால் சுடுதண்ணீர்ப் பக்கம். நிற்காவிட்டால் மற்றப் பக்கம்.

ஒன்று கவனியுங்கள். குளித்து முடித்ததும் ஷவரிலோ நீளக் கழுத்துக் குழாயிலோ ஓரிரு நிமிடம் சொட்டினால் அது தங்கிய தண்ணீர் வடிவது, கோளாறு இல்லை. அதற்காகப் புது ஷவர் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கணக்கு_டீச்சர்:

சொட்டுக் கணக்கு ஒன்று போடலாமா? குழாயில் விழும் சொட்டு பெரியது, சுமார் 4,000 சொட்டு சேர்ந்தால் ஒரு லிட்டர். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. 21 லிட்டர் சொச்சம். மாதத்துக்கு ஏறக்குறைய 650 லிட்டர். சொட்டின் அளவு குழாய்க்குக் குழாய் மாறும், அதனால் ராத்திரி ஒரு வாளி வைத்துக் காலையில் அளப்பதுதான் சரி.

650 லிட்டரைக் காசாக்கினால், 12,000 லிட்டர் லாரியில் பதினெட்டில் ஒரு பங்கு. பணமாகப் பார்த்தால் பெரிய நஷ்டம் இல்லைதான். சுடுதண்ணீர்ப் பக்கம் சொட்டினால் கதை மாறும். 20 லிட்டரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க 600 கிலோ கலோரி வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரி. ஆக ஒரு நாளைக்கு 0.7 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 42 யூனிட். இது கீசரை எப்போதும் போட்டே வைத்திருப்பவர்களுக்கு. குளிக்கும்போது மட்டும் போடுபவர்களுக்கு இவ்வளவு வராது.

சிறுவாணித்தண்ணி:

கோயம்புத்தூரிலிருந்து. எங்கள் வீட்டில் அப்பா காலத்துப் பித்தளைக் குழாய் இன்னும் ஓடுகிறது, வாஷர் மட்டும் அவ்வப்போது மாற்றுவோம். சிறுவாணித் தண்ணீருக்கு உப்பே கிடையாது. மேடவாக்கம் போர் தண்ணீரில் 12 வருடம் தாங்கியதே பெரிய விஷயம்.

காரைக்குடி_மச்சான்:

எல்லாரும் குழாயைப் பற்றியே பேசுகிறீர்கள். சுவருக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லையே!

எங்கள் பழைய வீட்டில் ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப். ஒரு குழாய் ஒழுகுகிறது என்று புதுசு வாங்கி வந்தோம். பிளம்பர் பழசைப் பைப் ரெஞ்ச் போட்டுத் திருப்பினார். துருப்பிடித்த நிப்பிள் என்கிற இணைப்புத் துண்டு மரையோடு முறிந்து, வளைவுத் துண்டான எல்போவுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. டைல்ஸை உடைத்து, எல்போவை மாற்றி, பூசி, அதே நிற டைல்ஸ் கிடைக்காமல் வேறு நிறத்தில் ஒட்டி... குழாய் விலை 700. மற்ற செலவைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

அதனால் பழைய ஜிஐ லைன் என்றால் என் வாக்கு ரிப்பேருக்குத்தான். குழாயின் கைப்பிடியுள்ள தலையை மட்டும் கழற்றினால் போதும், சுவர்ப் பக்கம் கை வைக்க வேண்டியதில்லை.

ஸ்பானர்:

மச்சான் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. தலையைக் கழற்றும்போதும் ஒரு கையில் குழாயின் உடம்பை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு, மறு கையால்தான் திருப்ப வேண்டும். இல்லையென்றால் முறுக்கு முழுவதும் சுவருக்குள் இருக்கிற மரைக்குப் போகும். குரோம் கீறாமலிருக்க ஒரு துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். வேலைக்கு முன்னால் பேசின் ஓட்டையையும் ஒரு துணியால் அடைத்துவிடுங்கள், ஸ்க்ரூ அதில் விழுந்தால் அது ஒரு தனி வேலை.

12 வருட ஃபிளாட் என்றால் அநேகமாக சிபிவிசி என்கிற பிளாஸ்டிக் பைப்தான். அதில் துரு இல்லை, ஆனால் வேறு பயம் உண்டு. சுவருக்குள் பிளாஸ்டிக் எல்போவில் பித்தளை மரை பதித்திருப்பார்கள். டெஃப்லான் டேப்பை ஏகத்துக்குச் சுற்றி முரட்டுத்தனமாக ஏற்றினால் எல்போ விரிசல் விடும். வெளியே எதுவும் தெரியாது, ஆறு மாதம் கழித்துக் கீழ்வீட்டுக்காரர் சீலிங்கில் ஈரம் என்று வந்து நிற்பார்.

சோழிங்கநல்லூர்_பிரியா:

சரி, ஒப்புக்கொள்கிறேன், சுவர் விஷயம் எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் என் கேள்வி நிற்கிறது. ஓ-ரிங் இருபது ரூபாய் என்கிறீர்கள். அதைப் போட வருகிறவர் 400, 500 ரூபாய் கேட்கிறார். ஒரு சாதாரணப் பிளாஸ்டிக் குழாயே 150 ரூபாய்க்குக் கிடைக்கிறது. கூலி இரண்டுக்கும் ஒன்றுதான் என்னும்போது ஏன் பழசைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

ஹார்டுவேர்_கடை:

மேடம் கேட்டதில் நியாயம் இருக்கிறது. கடைக்காரனாகச் சொல்கிறேன், எனக்கு இரண்டிலும் வியாபாரம்தான்.

பால்கனி, தோட்டம், மாடித் தொட்டி அடியில் இருக்கிற சாதாரணக் குழாய் என்றால் யோசிக்காமல் மாற்றலாம். பிடிஎம்டி என்று விற்கிற நல்ல பிளாஸ்டிக் குழாயே உப்புத் தண்ணீருக்குப் போதும். அரிக்காது, திருட்டுப் போகாது. வெயில் நேரே விழுகிற இடத்தில் மட்டும் வருடங்கள் போகப் போக நொறுங்கும். அதில் பழுது வந்தால் ரிப்பேர் பற்றிப் பேசவே வேண்டாம், தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று மாட்டுங்கள்.

பாத்ரூம் மிக்ஸர் அப்படியில்லை. இன்றைக்கு ஓரளவு நல்ல வால் மிக்ஸர் 4,000 ரூபாய்க்குக் குறைந்து வராது. அதற்கு உள்ளே போகிற ஸ்பிண்டில் 150லிருந்து 300க்குள். இந்த வித்தியாசத்தைப் பாருங்கள். ஜாகுவார், பாரிவேர், ஹிண்ட்வேர், செரா மாதிரிப் பெயர் உள்ள கம்பெனி என்றால் உதிரிப்பாகம் தனியாகவே கிடைக்கும். சில கம்பெனிகள் நீண்ட வாரண்டியும் தருகின்றன, பில் இருந்தால் முதலில் அதைத் தேடுங்கள். பெயரே இல்லாத மாடல் என்றால்தான் சிக்கல்.

ஸ்பிண்டில் வாங்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பழசைக் கையோடு கொண்டு வாருங்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் போதாது. நீளம், மரை, கைப்பிடி உட்காரும் பல்லின் எண்ணிக்கை எல்லாம் பொருந்த வேண்டும். சுடுதண்ணீர்ப் பக்கமும் பச்சைத்தண்ணீர்ப் பக்கமும் எதிர்த் திசையில் திறக்கும் மாடல் உண்டு, மாற்றிப் போட்டால் கைப்பிடி தலைகீழாக வேலை செய்யும். ஒரே கைப்பிடி மிக்ஸருக்கு கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் 35 அல்லது 40 மில்லிமீட்டர். அந்த ஐந்து மில்லிமீட்டருக்காகத் திரும்பி வருகிறவர்கள் நிறைய.

மேடவாக்கம்வாசி:

சோதித்துப் பார்த்தேன். கீசர் ஆங்கிள் காக்கை மூடியதும் சொட்டு நின்றுவிட்டது. சுடுதண்ணீர்ப் பக்கம்தான். கைப்பிடி அரைச் சுற்றில் திறந்துவிடுகிறது, அப்படியென்றால் செராமிக் மாடல், இல்லையா? குரோம் பளபளப்பு நன்றாக இருக்கிறது, உடம்பில் எங்கும் ஈரம் இல்லை. இன்னொரு விஷயம், வாஷ்பேசின் குழாயிலும் தண்ணீர் மெலிந்துவிட்டது. அதையும் சேர்த்துத்தான் அந்தப் பிளம்பர் துண்டுச் சீட்டில் எழுதியிருக்கிறார்.

ஸ்பானர்:

அதையுமா! குழாய் வாயில் இருக்கிற சல்லடையைத் திருகிக் கழற்றுங்கள். ஏரேட்டர் என்பார்கள். வெள்ளையாக உப்பு அடைத்திருக்கும், கூடவே மணலும். அதை மட்டும் வினிகரில் ஒரு ராத்திரி ஊறப் போட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். எலுமிச்சைச் சாறும் ஆகும். கழிவறை கழுவுகிற ஆசிட்டைக் குழாய்ப் பக்கமே கொண்டு போகாதீர்கள், குரோம் ஒரே நாளில் கறுத்து உரிந்துவிடும். சல்லடையைக் கழற்றியதும் தண்ணீர் நன்றாக வந்தால் குழாயில் ஒரு குறையும் இல்லை. அப்போதும் மெலிந்தே வந்தால் அடியில் இருக்கிற ஆங்கிள் காக்கைப் பாருங்கள், யாராவது பாதி மூடி வைத்திருப்பார்கள்.

ஆமாம், செராமிக்தான். அந்த டிஸ்க் லேசில் தேயாது, அதன் பின்னால் இருக்கிற ரப்பர் இறுகிப்போகும், அல்லது ஒரு மணல் துகள் மாட்டிக் கீறல் போடும். சுடுதண்ணீர்ப் பக்கம் ரப்பர் சீக்கிரம் போவது சகஜம். இரண்டு பக்கமும் சேர்த்து ஜோடியாக மாற்றிவிடுங்கள், ஒரே வயது, இன்னொன்றும் பின்னாலேயே வரும். பிரியா மேடம் சொன்ன லீவுப் பிரச்சினைக்கும் இதுதான் வழி: ஒரே வருகையில் எல்லாவற்றையும் முடிக்கச் சொல்லிக் கூலியைப் பேசுங்கள். புதுசைப் போடும் முன் லைனைத் திறந்துவிட்டு ஒரு வாளித் தண்ணீர் ஓட விடச் சொல்லுங்கள், உள்ளே இருக்கிற மணல் போகட்டும்.

வாடகைவீடு:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். வாடகை வீட்டில் இந்தச் செலவு யாருடையது? எங்கள் வீட்டுக்காரர் "குழாய் நீங்கள் பயன்படுத்துவதுதானே" என்கிறார்.

கணக்கு_டீச்சர்:

சட்டப்படி அவர் பக்கம்தான் காற்று வீசுகிறது. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பராமரிப்பை யார் செய்ய வேண்டும் என்று அதில் ஒரு அட்டவணை இருக்கிறது. குழாய் வாஷரும் குழாயும் மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு. தேவைப்படும்போது பைப் லைனை மாற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு. உங்கள் ஒப்பந்தத்தில் இதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். மச்சான் வீட்டில் நடந்த மாதிரி சுவருக்குள் முறிந்தால் அது வீட்டுக்காரர் கணக்கில் வரும், ஆனால் "நீ திருப்பித்தான் உடைந்தது" என்று வாதாடுவார். வாடகை வீட்டில் சுவர்ப் பக்கம் கை வைக்கும் முன் அவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

வாடகைவீடு:

அட! அப்படியானால் வாஷரே போதும் டீச்சர்.

காரைக்குடி_மச்சான்:

பழைய குழாயை மாற்றுகிறவர்கள் கவனத்துக்கு: கழற்றியதைப் பிளம்பரிடம் விட்டுவிடாதீர்கள். பழைய பித்தளைக் குழாய் நல்ல கனம் இருக்கும், பழைய இரும்புக் கடையில் பித்தளைக்கு என்ன விலை என்று விசாரித்துப் பாருங்கள். "குப்பைதானே சார், நானே போட்டுடறேன்" என்று அன்பாக எடுத்துக்கொண்டு போவார்கள்.

ஸ்பானர்:

மச்சான் எங்கள் தொழில் ரகசியத்தை வெளியில் சொல்லிவிட்டார்.

ஹார்டுவேர்_கடை:

புதுசு வாங்கியே ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பளபளப்பைப் பார்க்காதீர்கள், கையில் தூக்கிப் பாருங்கள். இப்போது விலை குறைவான குழாய்கள் பல துத்தநாகக் கலவையில் வார்த்தவை, மேலே குரோம் பூசினால் பித்தளைக்கும் அதற்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மரையின் உட்புறத்தைப் பாருங்கள், மஞ்சளாக இருந்தால் பித்தளை. சாம்பல் நிறமாக இருந்தால் மறுபடி வைத்துவிடுங்கள். உப்புத் தண்ணீரில் அந்தக் கலவை சீக்கிரம் அரித்து, மரை சுவருக்குள்ளேயே முறிந்து நிற்கும். பெட்டியில் ஐஎஸ்ஐ முத்திரையும் எண்ணும் இருக்கிறதா பாருங்கள். பழைய திருகு மாடல் பித்தளைக் குழாய்க்கு ஐஎஸ் 781, இப்போதைய அலங்கார மாடலுக்கு ஐஎஸ் 8931, பிளாஸ்டிக்குக்கு ஐஎஸ் 9763.

நல்ல கனமான பழைய பித்தளையைக் கழற்றிப் போட்டுவிட்டு அதே செலவில் லேசான புதுசை மாட்டிக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்கே மனசு கேட்பதில்லை. வியாபாரம் ஆயிற்றே என்று பில் போட்டுக் கொடுக்கிறேன்.

சோழிங்கநல்லூர்_பிரியா:

எங்கள் வீட்டில் பாத்ரூம் மிக்ஸர் சுவருக்குள் பதித்தது. வெளியே ஒரு தட்டும் கைப்பிடியும் மட்டும் தெரியும். அதில் சொட்டு வந்தால்?

ஸ்பானர்:

அதில் முடிவெடுக்க ஒன்றுமே இல்லை மேடம், ரிப்பேர்தான். உடம்பை மாற்ற வேண்டுமென்றால் டைல்ஸை உடைக்க வேண்டும். ஆனால் தட்டைக் கழற்றினால் கார்ட்ரிட்ஜை முன்பக்கமாகவே வெளியே எடுக்கலாம். அதே கம்பெனியின் கார்ட்ரிட்ஜ் கிடைக்கும் வரைக்கும் அந்தக் குழாய்க்கு ஆயுள் உண்டு. மாடல் எண்ணை இப்போதே எங்காவது எழுதி வையுங்கள்.

மேடவாக்கம்வாசி:

வேலை முடிந்தது. வேறொரு பிளம்பரை வைத்துச் செய்தேன். மிக்ஸருக்கு இரண்டு ஸ்பிண்டில், சிங்க் கழுத்துக்கு ஓ-ரிங் ஜோடி, வாஷிங் மெஷின் பக்கம் ஒரு புதுக் குழாய். கூலி 700, எல்லாம் சேர்த்து 2,000 ரூபாயைத் தொடவில்லை. பேசின் சல்லடையை நானே வினிகரில் போட்டேன், தண்ணீர் நன்றாக வருகிறது.

இப்போது மனைவி சமையலறைக்கு மட்டும் ஒரே கைப்பிடி மிக்ஸர் வேண்டும் என்கிறார். பழுதுக்காக இல்லை, மாவுக் கையோடு முழங்கையால் தள்ளித் திறக்கலாம் என்பதற்காக. நாங்கள் மேல்மாடி, தொட்டி எங்கள் தலைக்கு நேர் மேலே.

ஸ்பானர்:

ஆசை நியாயமானதுதான். ஆனால் மேல்மாடி என்பதால் ஒரு எச்சரிக்கை. பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர்தான் ஒரு பார் அழுத்தம். உங்கள் தொட்டி குழாயிலிருந்து பத்து, பன்னிரண்டு அடி உயரம் இருந்தால் 0.3, 0.4 பார்தான் கிடைக்கும். பல ஒற்றைக் கைப்பிடி மிக்ஸர்கள் அரை பாருக்கு மேல் இருந்தால்தான் ஒழுங்காக ஓடும். கடையில் மோட்டாரைப் போட்டு ஓட்டிக் காட்டுவார்கள், அதை நம்பி வாங்கிவிட்டு வீட்டில் நூல் மாதிரி வந்தால் குழாயைத் திட்டிப் பயனில்லை.

ஹார்டுவேர்_கடை:

பெட்டியிலோ கம்பெனி இணையதளத்திலோ குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்று போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து வாங்குங்கள். போடாத மாடலை விட்டுவிடுங்கள். முழங்கையால் திறப்பதுதான் தேவை என்றால் நீளக் கைப்பிடி வைத்த கால் சுற்றுக் குழாய் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் பார்த்திருப்பீர்கள். பச்சைத்தண்ணீர் மட்டும் வருகிற சிங்க்குக்கு அதுவே போதும், விலையும் குறைவு, உள்ளே போவது உங்கள் மிக்ஸரில் இருக்கிற மாதிரி சாதாரண செராமிக் ஸ்பிண்டில்தான்.